ஏற்காட்டைப் பற்றிய பேப்பர் ஏற்காட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மூலிகைகளைப் பற்றி, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள். கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கும். மலையாளிப் பழங்குடி மக்கள் எந்தச் செடியில் எந்தப் பாகத்தை, எந்த நோவுக்கு, எப்படி அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று அட்டவணை போட்ட கட்டுரைகள். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினார்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்வார்கள்.) சில கட்டுரைகளை முழுசாகப் படிக்கலாம். பலவற்றில் பத்து வரிச் சுருக்கம் மட்டும் தெரியும். அதற்குக் கீழே விலை. முப்பது டாலர், நாற்பது டாலர். நம்ம காசில் மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

நான் சேலத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் தாவரவியல் துறையில் எம்.எஸ்சி. படிக்கும் பெண் ஒருத்தி, நாகலூரைத் தாண்டி இருக்கும் மலைக்கிராமத்துக்காரி. புராஜெக்டுக்காக இந்தக் கட்டுரைகளைத் தேடிக்கொண்டு வந்தாள். ஒன்றின் சுருக்கத்தில் அவள் ஊர்ப் பெயரே இருந்தது. அடுத்த வரியில் விலை கேட்டது. “மேடம், இதுல எங்க ஆயா சொன்னதுதான் இருக்கும். அவங்ககிட்ட உக்காந்து எழுதிட்டுப் போனதை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். எங்களுக்கே காட்ட மாட்டேங்குது” என்றாள்.

கட்டுரையாசிரியருக்கு மெயில் போடச் சொன்னேன். போட்டாள். அவர் மறுநாளே பிடிஎஃப் அனுப்பிவிட்டார், வாழ்த்தும் சொல்லி. ஆய்வாளர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான். தான் எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். நடுவில் கதவு போட்டது அவர்கள் இல்லை.

அந்தக் கதவு எப்படி வந்தது என்று முதல்முறை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆய்வுக்குப் பணம் பெரும்பாலும் அரசு கொடுக்கிறது, அதாவது நாம் கட்டும் வரி. கட்டுரை எழுதும் பேராசிரியருக்கு அதை வெளியிடும் ஜர்னல், அதாவது ஆய்விதழ், ஒரு பைசா தருவதில்லை. அது சரியா தப்பா என்று உட்கார்ந்து படித்துச் சொல்லும் ரெவ்யூவருக்கும் சம்பளம் கிடையாது. ஏற்றுக்கொண்டதும் காப்புரிமையைப் பதிப்பகத்தின் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அதே பேராசிரியரின் கல்லூரி, அதே கட்டுரையைச் சந்தா கட்டிப் படிக்க வேண்டும். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கையும் சும்மா கொடுத்து, அரைக்கவும் காயவைக்கவும் ஆளையும் நாமே அனுப்பி, கடைசியில் ஜவ்வரிசியைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. எல்செவியர் பதிப்பகத்தை வைத்திருக்கும் ரெலெக்ஸ் குழுமத்தின் அறிவியல் பிரிவுக்கு 2023இல் வந்த வருவாயில் சுமார் 38 சதவீதம் லாபம். சேலத்தில் எந்த சேகோ மில்காரரிடமாவது இந்தச் சதவீதத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இதை மாற்ற வேண்டும் என்ற முயற்சி நேற்று ஆரம்பித்ததில்லை. 1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், ஜர்னலில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி போட்டுவைக்க ஒரு கணினி ஏற்பாடு செய்தார். இன்று ஆர்க்கைவ் என்று உலகமே பயன்படுத்துவது அதுதான். எங்கள் கணிதத் துறைக்காரர்கள் என்னிடம் பேப்பர் கேட்டு வருவதே குறைவு, காரணம் ஆர்க்கைவ். 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ஓப்பன் ஆக்சஸ் என்றால் என்ன என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பிரதி எடுக்கலாம், பகிரலாம், எழுதியவருக்கு உரிய பெயரைக் கொடுக்க வேண்டும், எழுதியதைச் சிதைக்கக் கூடாது. இந்தியாவில் இதற்காக ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதியும் பேசியும் வந்தவர் சென்னையைச் சேர்ந்த தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம். நூலக அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் காந்திநகரிலிருந்து ஒருங்கிணைக்கிறது. 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி பேருக்குப் பயன் என்கிறார்கள். இது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை நேற்று வரை எட்டாத ஜர்னலை இன்று செல்போனில் படிக்கலாம் என்றால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் திட்டம் அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு. எங்கள் கல்லூரி அதில் இல்லை. நாகலூர்ப் பெண்ணும் இல்லை. அவள் அரசுக் கல்லூரியில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் எங்கே இடம் கிடைக்கிறதோ, எந்த பஸ் நேரத்துக்கு இருக்கிறதோ அங்கேதான் சேர்கிறார்கள். நம்ம மாவட்டத்தில் ஓமலூர் ரோட்டிலும் ஆத்தூர் ரோட்டிலும் கல்லூரி பஸ்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும், எத்தனை பிள்ளைகள் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று. அவர்களில் பெரும்பாலோர் கல்விக் கடனிலும் அம்மாவின் தோடு அடகிலும் படிப்பவர்கள். ‘தனியார் கல்லூரி’ என்ற பெயரை வைத்து வசதியானவர்கள் என்று முடிவு கட்டுவது தப்பு. கல்லூரியை விட்டு வெளியே வந்த பட்டதாரி, பள்ளி ஆசிரியர், விவசாயி, சித்த மருத்துவர் இவர்களுக்கும் அந்தத் திட்டத்தில் கதவு இல்லை. சந்தா என்றாலே உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று கோடு விழும். கோட்டை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அது கோடுதான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஓப்பன் ஆக்சஸ் ஆக்கிவிட்டால் போதுமா? இங்கேதான் இன்னொரு சிக்கல். படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்குகிறார்கள். ஏபிசி (APC) என்று அதற்குப் பெயர், கட்டுரைச் செயலாக்கக் கட்டணம். ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு 2024இல் மாதம் 25,000 ரூபாய். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் மொத்தப் பொருளாதாரத்தின் அளவைப் பார்த்து இந்தியாவை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நாடு பெரியது, எங்கள் துறைத் தலைவரின் ஆய்வு நிதி பெரியது இல்லை.

இந்த ஏபிசி முறையின் நிழலில் முளைத்ததுதான் போலி ஜர்னல் வியாபாரம். எங்கள் பிஎச்டி ஸ்காலர்களின் வாட்ஸ்அப்பில் தினமும் வரும். ‘ஏழு நாளில் அக்செப்டன்ஸ், பதினைந்து நாளில் பப்ளிகேஷன், இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு, சான்றிதழ் இலவசம்’. கடைசி வரியில் ஜிபே எண். எடிட்டர் யார் என்று இருக்காது. எந்தத் துறைக் கட்டுரையையும் அதே ஜர்னல் வாங்கிக்கொள்ளும்: வணிகவியலும் விலங்கியலும் சங்க இலக்கியமும் ஒரே இதழில். பட்டம் வாங்க பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற பயம் இருந்தவரை இந்தக் கடைகளுக்கு வியாபாரம் குறையவில்லை. 2022 விதிகளில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பேப்பர் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். நல்ல ஜர்னல் எது என்று காட்ட 2018இல் தொடங்கிய யுஜிசி-கேர் பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். அந்தந்த நிறுவனமே தரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இப்போதைய நிலை.

என்னிடம் கேட்டு வரும் ஸ்காலர்களிடம் நான் சொல்வது இதுதான்: பணம் கட்டும் முன் டிஓஏஜே என்ற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல் கோப்பகத்தில் பெயர் இருக்கிறதா பார். எடிட்டர் குழுவில் இருப்பவர் ஒருவருக்கு மெயில் எழுதி, நீங்கள் உண்மையிலேயே அதில் இருக்கிறீர்களா என்று கேள். பழைய இதழ்களில் நாலு கட்டுரை படி. எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் நடத்தும் ஜர்னல்கள் உலகம் முழுக்க உண்டு, கல்விக் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் செலவில் நடத்துபவை. சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் தளத்துக்குப் போனால், ‘ரெசொனன்ஸ்’ இதழின் பழைய கட்டுரைகளையெல்லாம் யாரும் சும்மா படிக்கலாம். இளங்கலைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

படிப்பு இல்லாதவர்களுக்கு இந்த விஷயத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் என்னிடமே கேட்டிருக்கிறார். என் அண்ணனுக்கு வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்குக் காடு. 2020இல் கேரளத்தில் முதலில் தட்டுப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்தடுத்து சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. செடியின் நுனி இலையெல்லாம் சுருண்டு கொத்துக் கொத்தாக நிற்கும், கணு நெருங்கிக் குட்டையாகிவிடும், இலைக்கு அடியில் வெள்ளை மாவு. மருந்தடித்து மருந்தடித்து அலுத்துப்போய் அண்ணன் போன் பண்ணினார்: “பாப்பா, உங்க லைப்ரரில தேடிப் பாரு. இது என்ன பூச்சி, எங்கிருந்து வந்துச்சுன்னு.”

தேடினேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் தமிழிலேயே சில விஷயம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சி மரவள்ளியை அழித்ததும், பராகுவே நாட்டில் அதன் எதிரியான ஒரு சின்னக் குளவியைக் கண்டுபிடித்து 1981இல் நைஜீரியாவில் விட்டதும் படிக்கக் கிடைத்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு. ஆனால் எந்த வயலில் எத்தனை குளவி விட்டார்கள், எவ்வளவு நாளில் பூச்சி குறைந்தது என்ற விவரம் இருக்கும் கட்டுரைகளுக்குப் போனதும் விலைப் பக்கம். அண்ணனுக்கு நான் பாதிதான் சொல்ல முடிந்தது: இதற்கு ஒரு குளவி இருக்கிறது, மருந்தடித்தால் அதுவும் செத்துப்போகும், கொஞ்சம் பொறுங்கள் என்று.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி வள ஆராய்ச்சி நிலையம், பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை 2021இல் வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வெளியே விட்டார்கள். ஏத்தாப்பூர் அண்ணன் காட்டிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். பொது நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததால் பராகுவே குளவி ஆப்பிரிக்கா வழியாக வாழப்பாடிக்கு வந்தது. அதைப் பற்றி எழுதியதும் அதே மாதிரி வந்து சேர்ந்திருக்க வேண்டும். விவசாயிக்குக் கட்டுரை புரியாது என்பார்கள். வேளாண் பட்டம் படித்த பையன் எல்லா ஊரிலும் இருக்கிறான். உரக்கடையிலேயே இருக்கிறான். அவன் படித்துச் சொல்வான்.

நாகலூர்ப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். பிடிஎஃப்பை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் அவள் அப்பாவே நூலகத்துக்கு வந்துவிட்டார். எஸ்டேட்டில் மிளகுப் பறிப்பு முடித்து வந்த கை, நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை. அந்த அட்டவணையை மேஜையில் விரித்து, மகளை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். செடி, பாகம், பயன் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். “இது வேர் இல்லைங்கம்மா. பட்டை. வேரைக் குடுத்தா வயித்தால போயி ஆளு சுருண்டுருவான். எங்கம்மா பட்டைன்னுதான் சொல்லியிருக்கும். எழுதினவங்க மாத்தி எழுதிட்டாங்க.” அப்புறம் என்னைப் பார்த்து, “இதை எங்கே சொல்லித் திருத்தறதுங்க?” என்றார்.

ஆசிரியருக்கு மகள் மறுபடி எழுதினாள். தன் பழைய களக்குறிப்பைப் பார்த்துவிட்டு, அப்பா சொல்வதுதான் சரி, திருத்தம் அனுப்புகிறேன் என்று அவரும் நேர்மையாகப் பதில் போட்டார். ஜர்னலில் ரெவ்யூவர்கள் படித்திருக்கிறார்கள், எடிட்டர் படித்திருக்கிறார். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் மட்டும் படிக்கவில்லை. ஓப்பன் ஆக்சஸ் என்றால் ஏழைக்குச் செய்யும் உதவி என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. மலைக்காரர் படித்தால் கட்டுரைதான் சரியாகும்.

அந்தச் செடி எது, என்ன நோவுக்கு என்று நான் இங்கே எழுதவில்லை. அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. கட்டுரை திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: மக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் அறிவை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுத்து உலகத்துக்குத் திறந்துவிடுவது நியாயம் இல்லை. கேட்டு, ஒப்புதல் வாங்கி, யார் சொன்னது என்று பெயர் போட்டு, எழுதி முடித்ததும் அவர்கள் கையில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, அதன் பிறகு திறக்கட்டும். எத்தனையோ கட்டுரைகளின் நன்றியுரையில் ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்று ஒரே வரி இருக்கும். அந்த உள்ளூர் மக்களுக்குப் பெயர் உண்டு.

பிரதி கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார்தான் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டவர். கேட்டதோடு விடாமல் தன்னிடம் இருந்த பிரதியையும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. நம்ம ஊர்க்காரர் அன்று அந்தப் பிரதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் என்று தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருபவை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கு இன்று கிடைப்பது தாவரவியல் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கியது. எல்செவியர் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2020இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவு வந்தது. நூலகராக நான் யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன். ஆனால் போகும் பிள்ளைகளைத் திருடர்கள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கவும் மாட்டேன். சட்டப்படியே நிறைய வழி இருக்கிறது என்று காட்டுவதுதான் என் வேலை. அன்பேவால் என்ற சின்ன நீட்டிப்பை பிரவுசரில் போட்டுக்கொண்டால், பூட்டிய கட்டுரையின் இலவசப் பிரதி வேறெங்காவது முறையாக இருந்தால் காட்டிவிடும். கூகுள் ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்று கட்டுரைக்குக் கீழே இருப்பதை அழுத்திப் பார்க்கலாம். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன, யாரும் படிக்கலாம். பூட்டிய கட்டுரை எழுதியவரின் ஆய்வேடு சோத்கங்காவில் திறந்தே கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கட்டுரையில் நாலு பக்கமாகச் சுருங்கியது அங்கே நாற்பது பக்கமாக இருக்கும்.

எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏபிசி கட்டினால்தான் கட்டுரையைத் திறக்க முடியும் என்று நினைக்காதீர்கள். ரெவ்யூ முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் சொந்த வேர்டு பிரதியை, சில மாதங்களோ ஓராண்டோ கழித்து, பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டுவைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. எந்த ஜர்னல் எதை அனுமதிக்கிறது என்று ஷெர்பா ரோமியோ தளத்தில் பார்க்கலாம். இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று பெயர் மாறியிருக்கிறது. மத்திய அரசின் டிபிடி (உயிரித் தொழில்நுட்பம்), டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பம்) துறைகளின் நிதியில் செய்த ஆய்வு என்றால் இப்படிப் போட்டுவைக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை வந்துவிட்டது. நான் பேசிப் பார்த்த கைடுகளில் நிறைய பேருக்கு அது தெரியவில்லை. பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது பத்து நிமிட வேலை. செலவு கிடையாது.

நான் இப்போது சேர்வராயன் மலையைப் பற்றியும் சேலம் மாவட்டத்தைப் பற்றியும் வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பாக்சைட் சுரங்கம், காபித் தோட்டத்துப் பறவைகள், கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள், தேசிய ஆர்க்கிட் தோட்டத்துச் செடிகள், மலையாளி மக்களின் திருவிழா, எதுவானாலும் சரி. இதைப் படிக்கும் யாராவது அப்படி எழுதியிருந்தால், ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு இணைப்பை அனுப்புங்கள். கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கம்: எந்த ஊரில் யாரைப் பார்த்தீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று. மலைமேல் ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன், அலமாரியில் ஒரு தட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொண்டுபோய் வைப்பதை நாகலூர்ப் பெண்ணும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.